சந்தைக்கு விடுமுறை

வரிசையாகத்தான் சொல்வேன் தம்பி. குறுக்கே கேட்காதீர்கள். நாற்பது வருஷம் மேடையில் பேசியவன் நான். அநியாயத்தை முன்னும் பின்னுமாகச் சொன்னால் அது புலம்பல். வரிசையாகச் சொன்னால்தான் குற்றச்சாட்டு.

முதலாவது. தண்ணீர் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் புங்கஞ்சேரிக்கு வந்தார்கள். வயல் வயலாகத் துளை போட்டு, வெடி வைத்து, ஒயர் இழுத்து, பூமிக்குள் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். மாரியம்மன் கோயில் மதிலில் அன்றைக்கு விட்ட விரிசல் இன்னும் இருக்கிறது. அவர்கள் தேடியது தண்ணீர் இல்லை, எண்ணெய்.

இரண்டாவது. மூன்று வருஷக் குத்தகை என்று சொல்லி நிலத்தை எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள். குத்தகை சாகவில்லை.

மூன்றாவது. குழாய் உடைந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். விடிந்து போய்ப் பார்த்தால் வயலில் கச்சா எண்ணெய் நிற்கிறது. நாலு லாரி மணலைக் கொட்டி மூடினார்கள். மூடின இடத்தில் இன்றுவரை கோரைகூட முளைக்கவில்லை. அது எங்கள் நிலம். எங்கள் என்றால், எங்கள் வீட்டில் இருப்பவளுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. எல்லாம் ஒன்றுதான்.

நான்காவது. ஏன் என்று கேட்டதற்கு வழக்கு. திருச்சி மத்திய சிறை. அதை விரித்துச் சொன்னால் பஸ் திருவாரூர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஐந்தாவது. இதைச் செய்தது பத்திரிகை. தாலுகா ஆபீஸ் வாசலில் நான் உண்ணாவிரதம் கிடக்கிறேன், நாக்கு உள்ளே போய்விட்டது. செல்வராசு என்று ஒரு பையன், எங்கள் குழுவில் இருந்தவன், தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். மறுநாள் பேப்பரில் படம் என்னுடையது, பேர் அவனுடையது. அந்தப் பேப்பர் இருக்கிறவரை பட்டினி கிடந்தது அவன்தான். அவன் மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்துதான் விசிறினான்.

ஆறாவது நேற்று நடந்தது. அதைச் செய்தது கம்பெனியும் இல்லை, போலீசும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.

உங்கள் போனில் பங்கு விலை பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்ததே, அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த சீட்டில் வந்து உட்கார்ந்தேன். சந்தை திறந்துவிட்டதா? கச்சா எண்ணெய் எப்படி இருக்கிறது? கொஞ்சம் கீழே தள்ளுங்கள். இன்னும் கீழே. அதோ, அதுதான் எங்கள் கம்பெனி.

எங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கம்பெனி. அதன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. ஏறியிருக்கிறதா? எவ்வளவு? ம். ஏறட்டும். எனக்கு என்ன.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று கேட்பீர்கள். ஒரு துண்டறிக்கையில் படித்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான். மற்றதெல்லாம் துண்டறிக்கைதான். நிலச்சீர்திருத்தம் முதல் உலக வங்கி வரை, ஒரு தாளில் நாலாக மடித்துக் கொடுத்ததைப் படித்துப் படித்து வந்தவன். இந்த அறிக்கையில் என்ன போட்டிருந்தது என்றால், கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவனும் அதன் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலாம், எழுந்து நின்று சேர்மனை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். சட்டப்படி அவன் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று கத்துகிறோம். எதிரி வீட்டுக்குள் போக முன்வாசல் திறந்தே இருக்கிறது!

போராட்டக் குழுவில் வைத்தேன். ஆளுக்கு ஒரு பங்கு வாங்குவோம் என்றேன்.

"அண்ணே, எதிர்க்கிற கம்பெனியில நாமளே பங்கு வாங்குறதா?" என்றான் செல்வராசு.

"ஆயுதம்டா. எதிரி கையில இருந்து புடுங்குற ஆயுதம்."

"புடுங்கலையே, காசு குடுத்துல்ல வாங்குறோம்."

அவனுக்கு எப்போதும் இந்தக் குதர்க்கம் உண்டு. இருந்தாலும் வாங்கினோம். பான் கார்டு இல்லாதவனுக்கு பான் கார்டு எடுத்து, டீமேட் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து, பெரிய பாடு. டீக்கடை பாலகுருதான் தன் போனில் எல்லாருக்கும் செய்து கொடுத்தான். குழு மொத்தமும் பங்குதாரர் ஆகிவிட்டோம். பம்பாய் போக ரயில்கூடப் பார்த்து வைத்தேன். கடைசியில் நோட்டீஸ் வருகிறது, கூட்டம் காணொளியில் என்று. பாலகுரு கடையில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். வடக்கத்திக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்மனை வாழ்த்துகிறார்கள், போனஸ் பங்கு உண்டா என்று கேட்கிறார்கள். என் முறை வருவதற்குள் நேரம் முடிந்தது என்று மூடிவிட்டார்கள்.

அதோடு மற்றவர்களுக்கு ஆசை விட்டுப்போயிற்று. விலை கொஞ்சம் ஏறின சமயம் பார்த்து வரிசையாக விற்றுவிட்டு, அந்தக் காசில் குழுவுக்கு ஒரு மைக் செட் வாங்கினார்கள். நான் விற்கவில்லை. விற்றுவிட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆயுதத்தை எவனாவது கீழே போடுவானா?

விற்காமல் வைத்திருந்ததால்தான் எனக்கு விஷயமே புரிந்தது. தினமும் காலையில் பாலகுரு கடை டிவியில் சந்தை நிலவரம் பார்ப்பேன். நிஃப்டி, சென்செக்ஸ், பேரல் விலை, எந்த நாட்டில் சண்டை, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு நாள் நாங்கள் ரோட்டை மறித்தோம். அன்றைக்கு மத்தியானம் கம்பெனி பங்கு நாலு ரூபாய் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன் தம்பி. புங்கஞ்சேரியில் நாம் கையைத் தூக்கினால் பம்பாயில் விழுகிறது! நாற்பது வருஷமாக எந்த அதிகாரியும் எனக்குப் பதில் சொன்னதில்லை. இது சொன்னது. அன்றைக்கே சொன்னது.

சில நாள் மறித்தும் ஏறும். அதற்குக் காரணம் இருக்கும். பத்திரிகைக்காரன் வந்திருக்க மாட்டான், இல்லை அமெரிக்காவில் வட்டியைக் குறைத்திருப்பான். காரணம் தேடினால் கிடைக்கும்.

பாலகுருவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "வாங்க முதலாளி, இன்னிக்கு நம்ம கம்பெனி எப்படி?" என்பான். வீட்டிலும் பேச்சுதான். காலையில் நான் கிளம்பும்போதே ஆரம்பித்துவிடுவாள். "என்ன, எறங்கிடுச்சா? எறங்கிடுச்சுன்னா மடையத் தொறந்து விட வாங்க. ஏறிடுச்சுன்னாலும் வாங்க."

அவளுக்கு உலக நிலவரம் தெரியாது. வயல், ஆடு, நூறு நாள் வேலை. விடிந்தால் அந்த மணல் மேட்டின் ஓரத்தில் போய் நிற்பாள். எண்ணெய் படாத பாதி நிலத்தில் இன்னும் நட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான் போவது குறைவு. அந்த மணலைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

சரி, ஆடி மாசத்துக்கு வருகிறேன். அந்த நிலத்தை ஒட்டி ஒரு பழைய கிணறு இருக்கிறது. எண்ணெய்க் கிணறு, மூடி வைத்திருந்தது. அதைத் திறந்து இன்னும் ஆழமாகத் தோண்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பராமரிப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். தோண்டுகிற ரிக் காரைக்கால் பக்கத்திலிருந்து லாரி லாரியாகக் கிளம்பிவிட்டது. ஊரே பாலத்தடியில் திரண்டு நிற்கிறது. ஒரு லாரியை உள்ளே விடுவதில்லை என்று முடிவு.

அன்றைக்குக் காலையில் டிவியைப் பார்க்கிறேன், கம்பெனி பங்கு தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறது. ரூபாய்க் கணக்கில் இல்லை தம்பி, சதவீதக் கணக்கில். நான் ஓட்டமாக ஓடி வந்து பாலக்கட்டை மேல் ஏறினேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "தோழர்களே, சந்தை நம் பக்கம் திரும்பிவிட்டது! நாம் கூடினோம் என்ற செய்திக்கே அவன் விழுந்துவிட்டான். இனி ரிக்கை நகர்த்த அவனிடம் டீசலுக்குக் காசு இருக்காது. வெற்றியோடு கலைவோம்!" என்றேன். நல்ல பேச்சு. சின்னப் பேச்சுதான், ஆனால் நல்ல பேச்சு. கைதட்டினார்கள். நடவுக்குப் போக வேண்டியவர்கள் நடவுக்குப் போனார்கள்.

மத்தியானம் லாரிகள் வந்தன.

என்ன செய்ய? அவர்கள் டீசல் கடனுக்குப் போட்டிருப்பார்கள். நான் வீட்டில் படுத்திருந்தேன். எங்கள் வீட்டில் மட்டும் நான் கலையச் சொன்ன பிறகும் வீட்டுக்கு வராமல் ரோட்டோரம் வயலிலேயே இருந்திருக்கிறாள். லாரி சத்தம் கேட்டு வந்து நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி உட்கார்ந்தால் லாரி நிற்குமா? நின்றது. ஒரு மணி நேரம் நின்றதாகச் சொல்கிறார்கள். பெண் போலீஸ் வந்து தூக்கி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறாள், திரும்பத் தூக்கியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டயர்த் தடம்தான் இருந்தது. அவள் முழங்கையில் தோல் வழன்றிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

அன்று சாயங்காலம் விலை என்ன ஆயிற்று தெரியுமா? ஏறிவிட்டது. அவள் உட்கார்ந்ததற்கு ஒரு பைசா இறங்கவில்லை. கொடி இல்லை, கோஷம் இல்லை, வீடியோ இல்லை. மறியல் என்றால் அதற்கு முறை இருக்கிறது. இதை நான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு மாசமாகப் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு வைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள்.

மெதுவாகப் பேசுகிறேன். அதோ, டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம், பச்சைச் சேலை. அவள்தான். இரண்டு பேரும் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போகிறோம். இரண்டு பேரும் என்றால், அவள் போகிறாள். மஞ்சள் பை அவள் மடியில் இருக்கிறது, பாருங்கள். நேற்றைய கிராமசபைத் தீர்மானத்தின் நகல் அதில்தான் இருக்கிறது. நான் வாங்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

ரிக் வந்த பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தினமும் சாயங்காலம் வேலி ஓரம் போய் நிற்பேன். உள்ளே காவலுக்கு இருப்பவன் நம் பக்கத்து ஆள்தான். "இன்னிக்கு எத்தனை கொழாய் எறங்குச்சு தம்பி?" என்று கேட்பேன், சொல்வான். மறுநாள் காலையில் சந்தையைப் பார்ப்பேன். குழாய் இங்கே கீழே இறங்க இறங்க, விலை அங்கே மேலே ஏறுகிறது. நம் மண்ணுக்குள் ஓர் ஆள் உயரம் போனால், பம்பாயில் எவனோ ஒருத்தன் அத்தனை உயரம் எழுந்து நிற்கிறான். இப்படி வேறு யாராவது பார்த்திருப்பார்களா? தூங்க முடியவில்லை தம்பி. உடம்பு ஓய்ந்துவிட்டது. விழுந்தால் நமக்கு ஜெயம் என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், அது ஏறுகிறது, அடுத்த நாளும் பார்க்கிறேன்.

கோர்ட்டில் தடை கேட்டிருக்கிறோம். அடுத்த வாரம் விசாரணை. கிராமசபைத் தீர்மானம் கையில் இருந்தால்தான் ஊரே எதிர்க்கிறது என்று தன்னால் வாதாட முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதுவும் ஓட்டை இல்லாத தீர்மானமாக இருக்க வேண்டும். தடை கிடைக்காவிட்டால் தோண்டிவிடுவான். தோண்டினால் மிச்சம் இருக்கிற பாதி நிலமும் மணலுக்குப் போகும். இதுதான் நிலைமை.

நேற்று அக்டோபர் இரண்டு. பள்ளிக்கூட மைதானத்தில் கிராமசபை. புங்கஞ்சேரியில் எந்தத் தீர்மானமாக இருந்தாலும் முன்மொழிவது நான்தான். மதுக்கடை, சுடுகாட்டுப் பாதை, எல்லாம். அதுதான் வழக்கம். நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முன்னுரை, வரலாறு, கோரிக்கைகள், முடிவுரை. சலவை வேட்டி. ஊராட்சித் தலைவர், "தோழர் எழுந்து முன்மொழியட்டும்" என்றார். எழுந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "இவரு முன்மொழியக் கூடாது."

நான் யாரோ என்று நினைத்தேன். குரல் எனக்குத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் கேட்டுப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில்தான். எழுந்து நிற்கிறாள்.

"ஏன் அண்ணி?" என்றார் தலைவர்.

"இவருக்கு அந்தக் கம்பெனியில பங்கு இருக்கு."

செல்வராசு எழுந்தான். "அதெல்லாம் அப்பவே வித்தாச்சே அண்ணி. மைக் செட்டு வாங்கினோமே."

"நீங்க வித்தீங்க. இவரு விக்கல. தெனமும் அது மூஞ்சியில முழிச்சிட்டுத்தான் பல்லே வெளக்குறாரு."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. நூறு நாள் வேலைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் கையைக் காட்டி அமைதிப்படுத்தினேன். பங்கு என்றால் என்ன, மூலதனத்துக்குள் புகுந்து போராடுவது என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். தலைவர் குறுக்கே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தோழரே. அண்ணி சொல்றதுல அர்த்தம் இருக்கு. இது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவும். முன்மொழிஞ்ச ஆளே எங்க பங்குதாரருதான்னு கம்பெனி வக்கீலு ஒரு தாளை நீட்டுனா, நம்ம வக்கீலு எங்க போயி முட்டிக்குவாரு?"

செல்வராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"அவ்வளவுதானே? இப்பவே விக்கிறேன். பாலகுரு, போனை எடு" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். ஆயுதத்தையே கீழே போடுகிறேன் என்றேன். யாருக்கு வரும் அந்த மனசு?

பாலகுரு இடத்தை விட்டு அசையவில்லை. "முதலாளி, இன்னிக்கு காந்தி ஜெயந்தி. உங்க கடைக்கு லீவு."

மறுபடி சிரிப்பு. யோசித்துப் பாருங்கள் தம்பி. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. ஊர் கூடுகிற நாளெல்லாம் சந்தைக்கு விடுமுறை. ஜனங்கள் வாய் திறக்கிற அன்றைக்கு அவன் காதை மூடிக்கொள்கிறான். இது தற்செயலா? இதைப் பற்றியே ஒரு துண்டறிக்கை போடலாம். நேற்று அதைச் சொல்ல எழுந்தேன், யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

"அப்ப யாரு முன்மொழியிறது?" என்றார் கூட்டத்தைக் கவனிக்க மேலேயிருந்து வந்திருந்த பற்றாளர். அவருக்கு மத்தியானத்துக்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

"நான்" என்றாள்.

"நீயா? ஒனக்கு என்ன தெரியும்?" கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.

"நெலம் என்னுது."

நான்கு பக்கத்தையும் நீட்டினேன். என்ன இருந்தாலும் காரியம் நடக்கணும், இதைப் பார்த்துப் படி என்று சொல்லித்தான் நீட்டினேன். வாங்கவில்லை. ஊராட்சிச் செயலரைப் பார்த்துச் சொன்னாள். "எழுதிக்குங்க தம்பி. எங்க ஊருல ஏற்கெனவே தோண்டுனதே போதும். இனிமே எந்தப் பேரு வச்சிக்கிட்டு வந்தாலும் தோண்டக் கூடாது. வந்து நிக்கிற ரிக்கை எடுத்துக்கிட்டுப் போவணும்." உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான் தம்பி! வரலாறு இல்லை. காரணம் இல்லை. முதலாவது இல்லை, இரண்டாவது இல்லை. கோர்ட்டில் இதைப் படித்தால் அரை நிமிஷம் ஆகுமா? ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். அந்தப் பெண்கள் எல்லாரும் ஒரே வீச்சில் தூக்கினார்கள். ஆண்களும் தூக்கினார்கள். பாலகுருகூடத் தூக்கினான். நானும் தூக்கியிருப்பேன், கையில் தாள்கள் இருந்தன. வழிமொழிந்தது யார் தெரியுமா? செல்வராசு.

செயலர் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "அண்ணி, ஒங்க பேரு?"

ஊரில் யாருக்கும் சட்டென்று வரவில்லை. எல்லாருக்கும் அவள் அண்ணி, அக்கா, பெரியம்மா, தோழர் வீட்டு அம்மா. என் பக்கம் திரும்பினார்கள். நான் ஒரு நிமிஷம் தாமதித்துவிட்டேன். நான் எங்கே கூப்பிட்டேன், இந்தா என்றால் வந்து நிற்பாள். வாயில் வந்து நிற்கிறது, வெளியே வரவில்லை. அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். செயலர் எழுதிக்கொண்டே, "வைரக்கண்ணு மனைவின்னு போட்டுரட்டுமா?" என்றார். நியாயமான கேள்வி. அப்படிப் போட்டால் கோர்ட்டிலும் ஒரு கனம் இருக்கும். வைரக்கண்ணு என்ற பேரை மூன்று கலெக்டருக்குத் தெரியும்.

"வேணாம் தம்பி. பட்டாவுல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க" என்றாள்.

இதுதான் ஆறாவது. வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. செயலர் எழுந்து நின்றார். தலைவர் இருந்தார், பற்றாளர் இருந்தார், ஊர் இருந்தது, நானும் இருந்தேன். அவர்கள் வாங்கின மைக் செட்டில்தான் வாசித்தார். ரிக் நிற்கிற இடம்வரை கேட்டிருக்கும்.

"முன்மொழிந்தவர்: புங்கஞ்சேரி, முத்தையன் மகள், தையல்நாயகி."